அடுத்தவர் எடுத்த நெகட்டிவுக்குப் பிரிண்ட் போடுவது எப்படி

சொந்தமாக எடுத்த படத்துக்கு இருட்டறையில் பிரிண்ட் போடும்போது பாதி வேலையை ஞாபகமே பார்த்துக்கொள்ளும். அன்று வெயில் எப்படி அடித்தது, அந்தச் சுவர் வெள்ளையா சாம்பலா, எதைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினோம் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். அடுத்தவர் நெகட்டிவ் கைக்கு வரும்போது இது எதுவும் கிடையாது. ஒரு துண்டு ஃபிலிமும் அதைச் சுற்றிச் சில தடயங்களும்தான் இருக்கும். அவற்றை வைத்து இரண்டு கேள்விகளுக்குப் பதில் கண்டுபிடிக்க வேண்டும். இந்த நெகட்டிவில் என்ன இருக்கிறது? எடுத்தவர் அதில் எதைக் காட்ட நினைத்தார்? இரண்டையும் ஒரே மூச்சில் தீர்க்கப் பார்ப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை உங்கள் ரசனையை இருட்டறைக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

கறுப்பு வெள்ளை என்லார்ஜிங் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் பிரிண்ட் போடுவது) ஓரளவு பழகியவர்களுக்காக இதை எழுதுகிறோம். கான்ட்ராஸ்ட் ஃபில்டர் போட்டுப் பயன்படுத்தும் மல்டிகிரேடு வகைப் பேப்பரை வைத்தே கணக்குகள் சொல்லியிருக்கிறோம். ஃபில்டர் எண், அதாவது கிரேடு, 00-இலிருந்து 5-ஐ நோக்கி ஏற ஏறக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் (கான்ட்ராஸ்ட்) கூடும். ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது.

வாங்கிய கையோடு

முதலில் ஃபிலிமின் விளிம்பைப் பாருங்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய ஃபிலிமாக இருந்து, விளிம்பில் ஆங்கிலத்தில் ‘சேஃப்டி’ என்று அச்சாகாமலும் இருந்தால், அது நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். எளிதில் தீப்பற்றும், பற்றினால் அணைப்பது மிகக் கடினம். அதை என்லார்ஜர் விளக்குச் சூட்டில் வைக்கவே கூடாது. ஆவணக்காப்பக ஆட்களிடம் கேட்டு, நகல் எடுத்த பிறகுதான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும். வினிகர் வாடை அடித்தால் அது அழியத் தொடங்கிய அசிடேட் ஃபிலிம். மற்ற நெகட்டிவ்களோடு சேர்த்து வைக்காமல் தனியே வையுங்கள்.

அடுத்து, எந்தப் பக்கம் எமல்ஷன் (படம் பதிந்த பூச்சு) என்று பாருங்கள். பளபளப்புக் குறைந்த பக்கம், லேசாக உள்நோக்கி வளைந்த பக்கம் அதுதான். என்லார்ஜரில் அது கீழே பேப்பரைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகப் போனால் படம் இடம் வலம் மாறிவிடும். சொந்தப் படத்தில் இதை உடனே கண்டுபிடித்துவிடுவோம். பார்த்திராத தெருவில் கடைப் பலகை ஏதும் இல்லாவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. சட்டைப் பொத்தான், கைக்கடிகாரம் போன்றவற்றை நம்பாமல் ஃபிலிம் விளிம்பில் உள்ள எழுத்துகளை நம்புங்கள்.

தூசியை ஊதுகுழலாலும் மென்மையான பிரஷ்ஷாலும் மட்டும் தட்டுங்கள். அடுத்தவர் நெகட்டிவுக்கு ஒரு சட்டம் உண்டு. திருப்பி மாற்ற முடியாத எதையும் அதன்மேல் செய்யக் கூடாது. இன்டென்சிஃபையர் (நெகட்டிவின் அடர்த்தியைக் கூட்டும் இரசாயனம்), ரிடச்சிங் மை, கீறலை மறைக்கத் தடவும் எண்ணெய் எதுவும் வேண்டாம். கீறல் விழுந்திருந்தால் டிஃப்யூஷன் விளக்குள்ள என்லார்ஜரில் அது பெருமளவு மங்கும். மிச்சத்தைப் பிரிண்டின் மேல் ஸ்பாட்டிங் மை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

லைட் பாக்ஸில் படிப்பது

லூப்பை (சிறு பூதக்கண்ணாடி) எடுத்துக்கொண்டு இரண்டு இடங்களை மட்டும் தேடுங்கள். படத்தில் மிக இருண்ட பகுதி நெகட்டிவில் மிகத் தெளிவாகத் தெரியும். மிக வெளிச்சமான பகுதி மிகக் கறுத்திருக்கும். நிழற்பகுதியின் அடர்த்தி, எடுத்தவர் எவ்வளவு எக்ஸ்போஷர் கொடுத்தார் என்று சொல்லும். வெளிச்சப் பகுதியின் அடர்த்தி, ஃபிலிமை எவ்வளவு நேரம் கழுவினார் என்று சொல்லும். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் நெகட்டிவ் பேசத் தொடங்கிவிடும்.

நிழலில் ஒன்றுமே இல்லை, வெறும் ஃபிலிம்தான் தெரிகிறது, ஆனால் வெளிச்சப் பகுதி நன்றாகக் கறுத்து, குருணை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று வையுங்கள். குறைந்த ஒளியில் எடுத்து, புஷ் செய்து, அதாவது வழக்கத்தைவிடக் கூடுதலாக, கழுவிய ஃபிலிம் அது. அந்த நிழலிலிருந்து எந்த ஃபில்டரும் விவரத்தை எடுத்துத் தராது. நெகட்டிவில் இல்லாததைப் பேப்பரில் தேடும்போது கிடைப்பது வெறும் சாம்பல்தான். அந்த இடத்தைத் துணிந்து கறுப்பாக விடுங்கள். எடுத்தவருக்கும் அது தெரிந்திருக்கும். நிழல், வெளிச்சம் இரண்டிலும் விவரம் இருந்தும் மொத்தமாக வெளிறித் தெரிந்தால், குறைவாகக் கழுவியிருக்கிறார். அல்லது கண்டென்சர் என்லார்ஜருக்காக அளந்து கழுவியிருக்கிறார்.

இந்த இரண்டாவது சாத்தியத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. கண்டென்சர் விளக்கில் ஒளி ஒரே திசையில் நேராக வரும். நெகட்டிவின் அடர்த்தியான பகுதியில் உள்ள வெள்ளித் துகள்கள் அதைச் சிதறடிப்பதால் அங்கே ஒளி கூடுதலாகக் குறையும், கான்ட்ராஸ்ட் ஏறும். டிஃப்யூஷன் விளக்கில் ஒளி ஏற்கெனவே சிதறியே வருவதால் இந்த ஏற்றம் இல்லை. ஒரே நெகட்டிவ் டிஃப்யூஷனில் அரை முதல் ஒரு கிரேடு வரை மென்மையாக விழும். எடுத்தவர் கண்டென்சரில் பிரிண்ட் போட்டவர், உங்களுடையது டிஃப்யூஷன் என்றால், அவர் கிரேடு 2 பயன்படுத்திய இடத்தில் நீங்கள் 2½ அல்லது 3-இல் தொடங்க வேண்டும். ‘கழுவியதில் கோளாறு’ என்று எடுத்தவர்மேல் பழி போடும் முன் அவருடைய என்லார்ஜர் என்ன என்று விசாரியுங்கள்.

நெகட்டிவில் மஞ்சள் அல்லது பச்சை சாயல் தெரிந்தால் அது பைரோ டெவலப்பரில் கழுவியதாக இருக்கலாம். அந்தச் சாயமும் ஒரு ஃபில்டர்தான். மல்டிகிரேடு பேப்பரில் அது வெளிச்சப் பகுதிகளை மட்டும் மென்மையாக்கும். பழைய ஒற்றை கிரேடு பேப்பரில் மாறாக அடர்த்தியைக் கூட்டும். கண்ணுக்கு மெலிந்து தெரியும் பைரோ நெகட்டிவ் பேப்பரில் எதிர்பார்த்ததைவிட வலுவாக விழுவது இதனால்தான்.

எந்தப் பேப்பரை மனத்தில் வைத்துக் கழுவினார்?

நெகட்டிவ் தனியே பிறப்பதில்லை, ஒரு பேப்பருக்காகப் பிறக்கிறது. இதற்குப் பாரிஸைச் சேர்ந்த புகைப்படக்காரர் யூஜீன் அத்ஜேயைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்காது. 1927-இல் அவர் இறந்த பிறகு, அவருடைய கண்ணாடி நெகட்டிவ்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்கப் புகைப்படக்காரர் பெரனிஸ் ஆபட் வாங்கிக் காப்பாற்றினார், தாமே பிரிண்டும் போட்டார். அத்ஜே பயன்படுத்தியது வெயிலில் காட்டினால் தானாகவே கறுக்கும் பேப்பர், டெவலப்பர் தேவையில்லை. அந்தப் பேப்பரில் கறுத்த பகுதியே மேலும் ஒளி உள்ளே போகாமல் தடுத்துக்கொள்ளும். நிழல் ஓரளவு கறுத்ததும் வேகம் குறைய, வெளிச்சப் பகுதிகள் மெதுவாக வந்து சேரும். ஆகவே அதற்கு மிக நீண்ட அடர்த்தி வீச்சுள்ள நெகட்டிவ் தேவை, அடர்த்தி அளக்கும் டென்சிட்டோமீட்டரில் 1.8-க்கும் மேல். சாதாரண கிரேடு 2 ஜெலட்டின் பேப்பர் தாங்குவது சுமார் 1.1 மட்டுமே. அத்ஜேயின் கண்ணாடியை நேரே அதில் வைத்தால் வானம் வெள்ளைத்தாளாகவும் கதவிடுக்கு கரியாகவும் வருவதில் வியப்பில்லை. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1968-இல் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதற்காகப் பின்னாளில் போடப்பட்ட பிரிண்டுகளுக்குப் பழைய வகைப் பேப்பரையே தேடிப்போனார்கள்.

உங்களிடம் அத்ஜே வந்து சேரப்போவதில்லை. ஆனால் தாத்தா காலத்து ஸ்டுடியோ கண்ணாடியோ, பிளாட்டினம் பிரிண்டுக்காகக் கழுவிய பெரிய ஷீட் ஃபிலிமோ வரலாம். அப்போது ஃபில்டர் 00 அல்லது 0-இல் தொடங்குங்கள். அப்படியும் வெளிச்சப் பகுதியில் எதுவும் வரவில்லை என்றால் ப்ரீ-ஃபிளாஷ் செய்ய வேண்டும். நெகட்டிவ் இல்லாமல் பேப்பருக்கு மிக மெல்லிய ஒளி கொடுப்பது அது. ஒரு துண்டுப் பேப்பரில் 1, 2, 3 என விநாடிகளைக் கூட்டிக்கொண்டே போய், சாம்பல் முதன்முதலாகத் தெரியும் படிக்கு ஒரு படி முந்தைய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் பிரிண்டின் வெள்ளை ஓரமே அழுக்காகத் தெரியும்.

காண்டாக்ட் ஷீட், பிறகு நேர் பிரிண்ட்

ஒற்றை ஃபிரேம் மட்டும் வேண்டும் என்று சொன்னாலும் முழு ரோலையும் கேட்டு வாங்கிக் காண்டாக்ட் (ஃபிலிமை நேரே பேப்பர்மேல் வைத்து எடுக்கும் அதே அளவுப் பிரிண்ட்) போடுங்கள். என்லார்ஜர் உயரம், லென்ஸ் துவாரம், ஃபில்டர் 2 மூன்றையும் நிலையாக வைத்துக்கொண்டு, ஃபிலிமின் வெற்று விளிம்பு முழுக் கறுப்பாக விழுவதற்கு ஆகும் மிகக் குறைந்த நேரத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கு மேல் ஒரு விநாடிகூட வேண்டாம். அந்த நேரத்தில் இருண்டு விழும் ஃபிரேம்கள் எக்ஸ்போஷர் குறைந்தவை, வெளிறி விழுபவை அதிகமானவை. இங்கே ஃபிரேமுக்கு ஃபிரேம் சரிக்கட்டாதீர்கள். சரிக்கட்டினால் காண்டாக்ட் ஷீட் அழகாக இருக்கும், ஆனால் உங்களுக்கு எதையும் சொல்லாது.

அந்த ஷீட்டில் இன்னொன்றும் கிடைக்கும். தேர்ந்தெடுத்த ஃபிரேமுக்கு முன்னும் பின்னும் என்ன எடுத்தார் என்று பாருங்கள். மூலையில் கிடக்கும் வெள்ளைச் செய்தித்தாள் உங்கள் கண்ணை உறுத்தலாம். நான்கு ஃபிரேம்களிலும் அதைத் தவறவிடாமல் உள்ளே வைத்திருக்கிறார் என்றால் அது தற்செயல் இல்லை. அதைக் கருக்கி மறைக்க உங்களுக்கு உரிமையும் இல்லை.

இனி நேர் பிரிண்ட், அதாவது எந்த இடத்தையும் தனியாகத் திருத்தாத பிரிண்ட். முழு ஃபிரேமும் தெரியும்படி வையுங்கள், கிராப் செய்ய வேண்டாம். என்லார்ஜர் லென்ஸ் எஃப்/8. டெஸ்ட் ஸ்ட்ரிப்பைச் சமமான விநாடிகளாகப் பிரிக்காமல் அரை ஸ்டாப் இடைவெளியில் போடுங்கள். முதலில் முழுத் துண்டுக்கும் 8 விநாடி. பிறகு ஒவ்வொரு பட்டையாக மூடிக்கொண்டே 3.3, 4.7, 6.6, 9.4 விநாடிகளைக் கூட்டினால் 8, 11.3, 16, 22.6, 32 என்று ஐந்து பட்டைகள் கிடைக்கும். 5, 10, 15 என்று போட்டால் முதல் இரண்டு பட்டைகளுக்கு நடுவே ஒரு முழு ஸ்டாப் பள்ளமும், கடைசிப் பட்டைகளுக்கு நடுவே வித்தியாசமே தெரியாத நெருக்கமும் வரும்.

நேரத்தை வெளிச்சப் பகுதியை வைத்து முடிவு செய்யுங்கள், கிரேடை நிழற்பகுதியை வைத்து. முகத்தின் வெளிச்சப் பக்கம் சரியாக விழும் நேரத்தைப் பிடித்த பிறகு கறுப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கறுப்பு சாம்பலாக இருந்தால் அரை கிரேடு ஏற்றுங்கள், விவரம் புதைந்திருந்தால் அரை கிரேடு இறக்குங்கள். இல்ஃபோர்டு ஃபில்டர்களில் 00 முதல் 3½ வரை நேரம் ஏறத்தாழ ஒன்றுதான், 4 முதல் 5 வரை இரட்டிப்பு. டெவலப்பரில் 20 டிகிரியில் ஆர்.சி. (பிளாஸ்டிக் பூசிய) பேப்பருக்கு 1 நிமிடம், ஃபைபர் (அந்தப் பூச்சில்லாத) பேப்பருக்கு 2 நிமிடம் என்பது வழக்கமான கணக்கு. உங்கள் டெவலப்பர் பாட்டிலில் போட்டிருப்பதே இறுதி. நம் ஊர்க் கோடையில் டிரேயின் சூடு தானாக ஏறும். ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டிக்குள் டிரேயை வையுங்கள். கறுத்துவிடுமோ என்று பயந்து 30 விநாடியில் உருவி எடுத்த பிரிண்டை வைத்து நெகட்டிவைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இந்தப் பிரிண்ட் சப்பென்று இருக்கும். இருக்கட்டும். பின்னால் நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு மாற்றத்தையும் இதன் பக்கத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

எடுத்தவரின் மனம்

அவர் உயிருடன் இருந்தால் நேர் பிரிண்டைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். ‘இன்னும் டார்க்கா வேணுமா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘கொஞ்சம்’ என்றுதான் சொல்வார்கள். கண் முதலில் எங்கே போக வேண்டும், எந்த இடம் முழுக் கறுப்பாக இருந்தால் பரவாயில்லை, எந்த வெள்ளையில் விவரம் தெரிந்தே ஆக வேண்டும் என்று கேளுங்கள். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் இருட்டறை வேலையைத் தாமே செய்வதில் ஆர்வம் காட்டாதவர். பியேர் காஸ்மன் 1950-இல் பாரிஸில் தொடங்கிய ஆய்வகத்தில்தான் அவருக்குப் பிரிண்ட் போட்டார்கள். அதே ஆள் நீண்ட காலம் பிரிண்ட் போடும்போது இந்தக் கேள்விகள் கேட்கப்படாமலே பதில் தெரிந்துவிடும். முதல் தடவை வேலை செய்யும் நமக்குக் கேட்பதே வழி.

அவர் இல்லையென்றால் அவர் போட்ட பழைய பிரிண்டுகளைத் தேட வேண்டும். இங்கே மூன்று பொறிகள் உண்டு. பழைய பிரிண்டின் மஞ்சள் பழுப்பு, வயதால் வந்ததாக இருக்கலாம், அவர் விரும்பிய நிறமாக இல்லாமலும் இருக்கலாம். பத்திரிகைக்காகப் போட்ட பிரிண்ட் அச்சு இயந்திரத்துக்காகச் சரிசெய்யப்பட்டது, சுவரில் மாட்டுவதற்காக அல்ல. புத்தகத்தில் அச்சான படத்திலோ மையின் கறுப்பு வேறு, வெள்ளி பேப்பரின் கறுப்பு வேறு.

நான்காவதாக ஒன்று உண்டு, அதுதான் பெரியது. ஒரே ஆள் காலப்போக்கில் மாறிவிடுவார். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941 நவம்பர் 1 அன்று நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரில் எடுத்த நிலவுதயப் படத்தின் தொடக்ககாலப் பிரிண்டுகளில் மேல் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரியும். பிந்தைய பிரிண்டுகளில் அங்கே கிட்டத்தட்டக் கரிய வானம்தான். நடுவே 1948-இல் நெகட்டிவின் முன்பகுதியை அவரே இரசாயனத்தால் வலுவூட்டினார் (அவருடைய நெகட்டிவ், அவர் செய்யலாம்). ‘ஆடம்ஸ் மாதிரி’ பிரிண்ட் வேண்டும் என்று யாராவது கேட்டால் எந்த ஆண்டு ஆடம்ஸ் என்று திருப்பிக் கேட்க வேண்டும். உங்கள் வேலையிலும் அப்படித்தான். எந்தப் பிரிண்டை இலக்காக வைத்தீர்கள் என்று எழுதிவையுங்கள். மூன்று பிரிண்டுகளின் சராசரி என்று ஒன்று கிடையாது.

பழைய பிரிண்ட் எதுவுமே கிடைக்காதபோது அடக்கி வாசிப்பதே நல்லது. முழு ஃபிரேம், நடுத்தர கான்ட்ராஸ்ட், நியூட்ரல் நிறப் பேப்பர், கால் ஸ்டாப்புக்கு மிகாத திருத்தங்கள். சிகாகோவின் புகைப்படக்காரர் விவியன் மையர் 2009-இல் இறந்தபோது விட்டுப்போனது பெரும்பாலும் நெகட்டிவ்களும் கழுவாத ரோல்களும்தான், பிரிண்டுகள் ஒப்பிட்டால் சொற்பம். இன்று சுவர்களில் தொங்கும் மையர் பிரிண்டுகளில் அவருடைய கண்ணோடு பிரிண்ட் போட்டவரின் கையும் சேர்ந்தே இருக்கிறது.

டாட்ஜிங், பர்னிங், வரைபடம்

ஓர் இடத்துக்குப் போகும் ஒளியை மறைத்து வெளிறச் செய்வது டாட்ஜிங், கூடுதல் ஒளி கொடுத்துக் கருக்குவது பர்னிங். ஓர் உதாரணம். 35 மிமீ ஃபிலிம், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெரியவர். 8×10 பேப்பர், நேர் பிரிண்ட் ஃபில்டர் 2½-இல் 16 விநாடி. முகம் லேசாக இருண்டிருக்கிறது, ஜன்னல் வெறும் வெள்ளை, ஓரங்கள் சிதறுகின்றன.

முகத்துக்குக் கால் ஸ்டாப் குறைக்க வேண்டும் என்றால் 16 விநாடியில் சுமார் 2.5 விநாடி மறைக்க வேண்டும். மெல்லிய கம்பி நுனியில் ஒட்டிய சிறு அட்டை, பேப்பருக்கும் லென்ஸுக்கும் நடுவே, நிற்காமல் அசைந்தபடி. நின்றால் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வந்துவிடும், பெரியவர் சாமியாராகிவிடுவார். இருண்ட பகுதியில் கால் ஸ்டாப்புக்கு மேல் மறைத்தால் கறுப்பு கெட்டுச் சாம்பலாகும் என்பதால் தேவையைவிடக் குறைவாகவே செய்யுங்கள்.

ஜன்னலுக்கு ஃபில்டர் 00 மாற்றி ஒரு ஸ்டாப், அதாவது இன்னொரு 16 விநாடி, துளையிட்ட அட்டை வழியே. 00 ஏன்? மென்மையான ஒளி வெள்ளையில் நிறம் ஏற்றும், பக்கத்து ஜன்னல் சட்டத்தின் கறுப்பை அவ்வளவாகத் தொடாது. அதே பர்னிங்கை 2½-இலேயே செய்தால் சட்டத்தைச் சுற்றிக் கரிய புகைபோல ஒரு வளையம் தெரியும். நேரத்தை ஊகிக்காமல் ஜன்னல் பகுதிக்கு மட்டும் 8, 16, 32 என்று ஒரு துண்டில் சோதியுங்கள். ஃபில்டர் மாற்றும்போது என்லார்ஜர் ஆடினால் படம் இரட்டையாகும். லென்ஸுக்குக் கீழே ஃபில்டர் வைக்கும் வகையென்றால் கூடுதல் கவனம்.

கடைசியாக நான்கு ஓரங்களுக்கும் தலா 4 விநாடி, சுமார் மூன்றில் ஒரு ஸ்டாப். ஓரத்தைக் கருக்கியது பார்ப்பவருக்குத் தெரிந்தால் அது அதிகம்.

இதையெல்லாம் நேர் பிரிண்டின் மேலேயே கோடு போட்டு எழுதுங்கள். எந்த இடம், எத்தனை விநாடி, எந்த ஃபில்டர், கூட்டலா கழித்தலா என்று. மேக்னம் புகைப்பட நிறுவனத்தின் நியூயார்க் இருட்டறையில் பிரிண்ட் போட்ட பாப்லோ இனிரியோ, 1955-இல் டென்னிஸ் ஸ்டாக் எடுத்த டைம்ஸ் சதுக்க ஜேம்ஸ் டீன் படத்துக்கு எழுதிய குறிப்புத்தாள் பலர் பார்த்திருப்பது. படம் முழுக்கக் கோடுகளும் எண்களும் நிறைந்திருக்கும். விநாடியோடு ஸ்டாப் கணக்கையும் எழுதினால், பிரிண்ட் அளவு மாறும்போது அடிப்படை நேரத்தை மட்டும் புதிதாகக் கண்டுபிடித்து மற்றவற்றைப் பெருக்கிக்கொள்ளலாம்.

பிரிண்டைப் பார்த்ததும் ‘ஏதோ சரியில்லை’ என்றால்

பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். எல்லா நிழலையும் திறந்து, எல்லா வெள்ளையையும் நிரப்பியிருப்பீர்கள். எங்கும் விவரம் தெரியும், கண் மட்டும் எங்கும் நிற்காது. ஸ்கேனரில் பழகி வந்தவர்களிடம் இது அதிகம். ஒரு திருத்தத்தை முழுவதுமாக நீக்கிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். அல்லது பிரிண்ட் வெளிறிக் கான்ட்ராஸ்ட் குறைந்திருக்கும், ஏனென்றால் சேஃப்லைட்டின் சிவப்பில் எல்லாப் பிரிண்டும் இருண்டும் வலுவாகவும் தெரியும். இருட்டறைக்கு வெளியே, படம் மாட்டப்படும் இடத்து விளக்கைப் போன்ற ஒன்றின் கீழ் பாருங்கள். மூன்றாவது, ஈரம். ஃபைபர் பேப்பர் காய்ந்ததும் 5 முதல் 10 சதவீதம் வரை இருண்டுவிடும், முக்கியமாக வெளிச்சப் பகுதியில். ஒரு துண்டை ஹேர் டிரையரில் காயவைத்து ஈரப் பிரிண்டோடு ஒப்பிட்டு உங்கள் பேப்பரின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 8 சதவீதம் என்றால் 16 விநாடி 14.7 ஆகும். ஈரப் பிரிண்டைக் காட்டி ஒப்புதல் வாங்கவே வேண்டாம்.

கொடுக்கும்போது ஒன்று கொடுக்காமல் காய்ந்த பிரிண்டுகள் மூன்று கொடுங்கள். நேர் பிரிண்ட், நீங்கள் சரியென்று நினைப்பது, அதைவிட அரை கிரேடு வலுவானது. எடுத்தவர் மூன்றாவதைத் தொட்டுவிட்டு இரண்டாவதற்கே வருவதைப் பலமுறை காணலாம்.

முடிந்ததும் ஃபைபர் பிரிண்டை நன்றாக அலசுங்கள். ஹைப்போ கிளியர் (ஃபிக்சர் மிச்சத்தை விரைவாக நீக்க உதவும் கரைசல்) போட்டால் முன் அலசல் 5 நிமிடம், ஹைப்போ கிளியரில் 10 நிமிடம், பின் அலசல் 5 நிமிடம் போதும். போடாவிட்டால் ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம். பின்பக்கம் மென்மையான பென்சிலால் இருவர் பெயரையும் எழுதுங்கள்: நெகட்டிவ் யாருடையது, எடுத்த ஆண்டு, பிரிண்ட் போட்டது யார், போட்ட ஆண்டு. அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்டு வெஸ்டன் 1958-இல் இறந்த பிறகு மகன் கோல் வெஸ்டன் தந்தையின் நெகட்டிவ்களிலிருந்து போட்ட பிரிண்டுகளில் இருவர் பெயரும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். எடுத்த ஆண்டும் பிரிண்ட் போட்ட ஆண்டும் ஒன்றாகிவிட்டால் நாளைக்கு யாரோ ஒருவர் உங்கள் பிரிண்டை எடுத்தவரே போட்டது என்று விற்பார். குறிப்பெழுதிய நேர் பிரிண்டின் நகலையும் நெகட்டிவோடு சேர்த்து அமிலமில்லாத உறையில் வைத்துத் திருப்பிக் கொடுங்கள். அடுத்துப் பிரிண்ட் போட வருபவர் டெஸ்ட் ஸ்ட்ரிப்பிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.